இரு விளையாட்டு, ஒரே உடல்: எம்.ஜே. கோபாலனை முன்வைத்து ஓர் அனுபவம்

என் தந்தையின் மளிகைக் கடை கோவில்பட்டியில் இருந்தது. 13 வயதில் ஒரு நாள், கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத மதிய நேரத்தில், தராசின் ஒரு தட்டில் என் கிரிக்கெட் பந்தையும் மறு தட்டில் அண்ணனின் ஹாக்கி பந்தையும் வைத்துப் பார்த்தேன். முள் ஏறக்குறைய நடுவிலேயே நின்றது. ஒன்று தைத்த தோல், மற்றொன்று வெள்ளை பிளாஸ்டிக். எடை மட்டும் ஒன்று. விதிப்புத்தகங்களும் அதையே சொல்கின்றன என்பது பின்னாளில் தெரிந்தது: கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரையிலும், ஹாக்கி பந்து 156 முதல் 163 கிராம் வரையிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஆடலாம் என்று பந்துகளே எனக்கு அனுமதி தந்துவிட்டதாக அன்று நம்பினேன்.

அடுத்த ஏழு ஆண்டுகள் இரண்டையும் ஆடினேன். காலையில் ஹாக்கி, மாலையில் கிரிக்கெட். இன்று உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் என்னிடம், பல விளையாட்டுகளில் கெட்டிக்காரரான பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் வந்து, "சார், எதை வைத்துக்கொள்ளட்டும், எதை விடட்டும்?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஆகவே நான் பெற்றதையும் இழந்ததையும், அந்த வயதில் எனக்கு ஆதர்சமாக இருந்த ஒரு பெரிய வீரரின் வாழ்க்கையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஹாக்கி ஆடாத பையனைத்தான் தேட வேண்டும். கரிசல் மண்ணைத் தட்டிச் சமப்படுத்திய மைதானத்தில், மழை பெய்தால் மூன்று நாள் ஆட முடியாத மண்ணில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு முப்பது பேர் நிற்பார்கள். அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்ற முதியவர். நான் மாலையில் பந்து வீசப் போவது அவருக்குத் தெரியும். ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, "ஏலே, கோபாலன்னு ஒருத்தர் இருந்தாரு தெரியுமா? ரெண்டுலயும் இந்தியாவுக்கு ஆடுனவரு" என்றார். எம்.ஜே. கோபாலன் என்ற பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர் கோபாலன். சென்னையில் அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டெடுத்தவர், அன்றைய சென்னைக் கிரிக்கெட்டின் முக்கிய ஆட்டக்காரரான சி.பி. ஜான்ஸ்டன். அவர் மூலமாகவே கோபாலனுக்கு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் ஒரே டெஸ்ட் போட்டியை ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தில், ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். மறு ஆண்டு, 1935இல், தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்று ஆடினார். ஒரு ஆண்டு சிவப்புப் பந்து, அடுத்த ஆண்டு வெள்ளைப் பந்து. இரண்டிலும் நாட்டின் சட்டை. 15 வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த வயதில் நான் கவனித்தது சாதனையை மட்டும்தான். அதன் அடியில் இருந்த நாட்காட்டியைக் கவனிக்க எனக்கு இன்னும் ஐந்தாண்டு பிடித்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறையவே இருந்தது. ஹாக்கியில் இடது கைக்காரருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே, பந்தைத் தொட ஸ்டிக்கின் தட்டையான பக்கம் மட்டும். வலது கை ஆட்டக்காரர் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும்போதும் இடது கைதான் மேலே வருகிறது. ஆகவே பந்தைத் தரையோடு தரையாக, இடைவெளி பார்த்துத் தள்ளும் மணிக்கட்டு வேலை எனக்குக் கிரிக்கெட்டில் கற்காமலே கிடைத்தது. கவர் பகுதியில் நின்று பந்து பிடிப்பதில், ஹாக்கியில் குனிந்து பக்கவாட்டில் ஓடிப் பழகிய கால்கள் பெரிதும் உதவின. எதிர்த்திசையிலும் நன்மை இருந்தது. வேகப்பந்து வீச்சாளர் ஓவர்களுக்கு இடையில் மூச்சைச் சீராக்கப் பழகுவார். ஹாக்கியில் ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையில் அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. பந்து வருமுன் அது எங்கே வரும் என்று கண்டுகொள்ளும் பார்வை மட்டும் எதிலிருந்து எதற்குப் போனது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கெடுதலும் அதே இடத்திலிருந்துதான் வந்தது. ஹாக்கி பருவம் முடிந்து கிரிக்கெட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், முதல் இரண்டு வாரம் என் கீழ்க்கை ஓங்கி, நேராக ஆட வேண்டிய பந்தையெல்லாம் கால்பக்கம் இழுத்து அவுட் ஆனேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் முதுகு தானாகவே வளைந்து நின்றது. அப்போது அதை என் ஆட்டத்தின் குறை என்று எண்ணி மனம் நொந்தேன். ஒரு விளையாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் உடலுக்கு அந்தப் பத்து, பதினைந்து நாள் தேவை. அந்த நாட்களில் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்ய வேண்டும். இன்று என் மாணவர்களுக்கு இதைக் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறேன். தேர்வு முகாமுக்கு முந்தின வாரம்தான் மற்ற விளையாட்டிலிருந்து திரும்பி வருகிறார்கள் என்றால், அந்த முகாமுக்கு அவர்களை அனுப்பாமல் இருப்பதே நல்லது என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்.

பள்ளிக்காலம் வரை சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், அட்டவணை ஒரே இடத்திலிருந்து வந்ததுதான். குறுவட்டப் போட்டிகள், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம் என்று வரிசையாக நடந்தன. எங்கள் உடற்கல்வி ஆசிரியரே இரண்டு அணிகளையும் கவனித்தார். என் கால் வீங்கியிருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். கல்லூரிக்குப் போனதும் அந்த ஒற்றைக் கண் இல்லாமல் போயிற்று. ஹாக்கிக்கு ஒரு பயிற்சியாளர், கிரிக்கெட் லீகில் நான் ஆடிய குழுவுக்கு வேறொருவர். இருவரும் நல்லவர்கள், திறமையானவர்கள். ஆனால் காலையில் நான் ஓடியது எவ்வளவு என்று மாலைப் பயிற்சியாளருக்குத் தெரியாது; ஞாயிற்றுக்கிழமை நான் வீசிய ஓவர்கள் திங்கட்கிழமைப் பயிற்சியாளரின் கணக்கில் இல்லை. தெரிந்தால் ஒரு அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நானும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த அனுபவத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

19 வயதில் அதன் பலன் தெரிந்தது. ஒரு வார இறுதியில், வெள்ளியும் சனியும் ஹாக்கி ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை 14 ஓவர் பந்துவீச்சு. கடைசி ஓவர்களில் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடது பக்கத்தில், ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி தொடங்கியது. தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு இன்னும் எட்டு வாரம் ஆடினேன். குனிந்தால் அதிகம் வலிக்கவில்லை. பின்னால் சாய்ந்தால் சுரீரென்றது. கடைசியில் மதுரையில் எடுத்த ஸ்கேன், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை போன்ற முறிவைக் காட்டியது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வேகமாகப் பந்து வீசும் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். வலது கையால் வீசுபவருக்கு இந்த முறிவு பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வரும். பந்தை விடும் நொடியில் முன்கால் தரையில் மோத, முதுகு ஒரே சமயத்தில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தச் சிறிய எலும்பு வளைவின் மீது இறங்குகிறது. இருபது வயதுக்குள் அந்த எலும்பு முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டுகளில் எலும்பு நீளும் வேகத்துக்கு அதன் உறுதி ஈடுகொடுப்பதில்லை. ஒரே நாளில் அது உடைவதில்லை. ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காமல் திரும்பத் திரும்ப விசை ஏறுவதால் உடைகிறது. எனக்கு இடைவெளியாக இருந்திருக்க வேண்டிய நாட்களில், மணிக்கணக்காகக் குனிந்து திரும்பும் ஹாக்கி இருந்தது. கிரிக்கெட்டின் ஓய்வு நாளும் ஹாக்கியின் ஓய்வு நாளும் தனித்தனியே முறையாகத்தான் இருந்தன. என் உடலுக்குத்தான் ஓய்வு நாளே இல்லை.

ஆறு மாதம் எதையும் ஆடவில்லை. அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்த பழைய ரயில்வே பயிற்சியாளர், ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்து, "எந்த ஆட்டமா இருந்தாலும் இதுல எழுது. எத்தனை மணி, எத்தனை ஓவர், எங்க வலிச்சுது. ரெண்டு பேர்கிட்டயும் காட்டு" என்றார். அதற்குப் பிறகு என் விளையாட்டு வாழ்க்கை சுமார் மூன்று ஆண்டுகள்தான் நீடித்தது என்றாலும், அந்த நோட்டு இல்லாமல் ஒரு வாரமும் போகவில்லை.

கோபாலனின் நாட்காட்டியை நான் ஊன்றிப் படித்ததும் அந்த ஆறு மாதத்தில்தான். 1936ஆம் ஆண்டு அவர் முன்னால் இரண்டு வாய்ப்புகள் நின்றன. ஒன்று, ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லவிருந்த ஹாக்கி அணி. மற்றொன்று, விஜயநகரம் இளவரசர் தலைமையில் இங்கிலாந்து செல்லவிருந்த கிரிக்கெட் அணி. கிரிக்கெட் பயணம் அந்தக் கோடை முழுவதையும் விழுங்கியது. இரண்டுக்கும் போக வழியே இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் "கைக்கு வந்த தங்கத்தை விட்டுவிட்டார்" என்று முடிக்கிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. தங்கம் வந்தது ஆகஸ்டில். முடிவு எடுத்தது அதற்குப் பல மாதங்கள் முன்பு. முன்பே டெஸ்ட் ஆடியிருந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர், 27 வயதை எட்டும் வேளையில், இங்கிலாந்துப் பயணத்துக்குப் போனது தவறான கணக்கு என்று சொல்ல என்னால் முடியாது. அடுத்த ஒலிம்பிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று 1936இல் யார் எண்ணியிருந்தாலும் அதில் பிழையில்லை. ஆனால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் இரண்டும் போரால் நடக்கவில்லை. கிரிக்கெட்டிலும் இந்தியா தன் அடுத்த டெஸ்டை 1946இல்தான் ஆடியது. இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் பத்தாண்டுக்கு மூடிக்கொண்டன. அவர் அதன் பிறகும் சென்னைக்காகத் தொடர்ந்து ஆடினார், தேசியத் தேர்வாளராக இருந்தார். அவர் பெயரில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை 1950களில் தொடங்கியது. 2003 டிசம்பரில் 94 வயதில் மறைந்தார். இழந்த ஒரு பதக்கத்தை வைத்து மட்டும் அளந்துவிடக்கூடிய வாழ்க்கையல்ல அது.

அதே 1936 இங்கிலாந்துப் பயணத்தில் இன்னொரு சென்னைக்காரர் இருந்தார் என்பது பலருக்கு நினைவில்லை. கோட்டா ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபுவின் மகன். 1936இல், 40 வயதில், மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடி 40, 60 ரன்கள் எடுத்தார். ஓவல் மைதானத்தில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்டில் 170 ரன், சராசரி 56க்கு மேல். கோபாலன் இரண்டு விளையாட்டுகளை ஒரே ஆண்டுகளில் ஆடினார். ராமசாமி நாட்டுக்காக ஒன்றை இளமையிலும் மற்றொன்றை நடுவயதிலும் ஆடினார். பல விளையாட்டு ஆடும் பிள்ளையின் பெற்றோருக்கு நான் இந்த இருவரையும் சேர்த்தே சொல்கிறேன். "இன்று எதை விடுவது" என்ற கேள்வியை, "எதை முதலில், எதைப் பிறகு" என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தால் பல வீடுகளில் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடுகிறது. வேகப்பந்து வீச்சும், ஓட்டமும், ஹாக்கியும் இளமையைக் கேட்பவை. சுழற்பந்து வீச்சு, துப்பாக்கி சுடுதல் போன்றவை காத்திருக்கக்கூடியவை.

என் முறையும் வந்தது. 20 வயதில், பல்கலைக்கழக ஹாக்கி அணியின் முகாமும் மாவட்டக் கிரிக்கெட் அணியின் தேர்வும் ஒரே வாரத்தில் அமைந்தன. மனம் கிரிக்கெட்டைத்தான் விரும்பியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழுதினேன். எது அடுத்த ஆண்டும் வரும்? எது கையில் சான்றிதழாக மிஞ்சும்? மாவட்டத் தேர்வு ஆண்டுதோறும் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உரிய படிவம் 3 கிடைக்கும். ஹாக்கி முகாமுக்குப் போனேன். ஒரு ஆட்டத்தில் மட்டும் கடைசிச் சில நிமிடங்கள் இறக்கினார்கள். மற்ற ஆட்டங்களை உட்கார்ந்தே பார்த்தேன். அந்தச் சான்றிதழ் எனக்கு உடற்கல்விப் படிப்பில் இடம் வாங்கித் தந்தது. கிரிக்கெட்டில் நான் மாவட்ட அளவைத் தாண்டவே இல்லை. பழைய பந்துகளைக் கையில் எடுக்கும்போது இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் 2, பல்கலைக்கழகத்துக்காக 3, பள்ளிகளின் தேசியப் போட்டியில் ஆடினால் 4. ஒவ்வொன்றும் ஒரே விளையாட்டுக்கு உரியது. இரண்டு விளையாட்டுகளில் மாவட்ட அளவில் ஆடியதைக் கூட்டி மாநில அளவாக்க முடியாது. பல விளையாட்டு ஆடும் பிள்ளைகள் பலர் 12ஆம் வகுப்பு முடிக்கும்போது, கை நிறையக் கேடயங்களோடும் பயன்படும் சான்றிதழ் ஒன்றுகூட இல்லாமலும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே 15, 16 வயது வரை தாராளமாகப் பலவற்றையும் ஆடட்டும்; அதன் பிறகு ஒன்று முதன்மை, மற்றொன்று துணை என்று அந்த ஆண்டுக்கு மட்டும் வரிசைப்படுத்திக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு.

இப்போது என் பள்ளியில் இரண்டு விளையாட்டு ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு உண்டு. வாரத்தில் ஒரு நாள் எந்த விளையாட்டும் இல்லை. அந்த நாள் இரண்டு அணிகளுக்கும் பொதுவான நாளாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவைப் பின்பற்றுகிறேன்: 14 வயதென்றால் வாரத்துக்கு 14 மணி நேரம், இரண்டு விளையாட்டும் சேர்த்து. வேகப்பந்து வீசும் 14, 15 வயதினருக்கு இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்பு எங்களுக்கும் பொருந்துகிறது: தொடர்ச்சியாக 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். முதுகில் ஒரு விரலால் காட்டக்கூடிய வலி இருந்தால் அன்றே நிறுத்தம், மருத்துவர் பார்க்கும் வரை தைலம்கூடக் கிடையாது. காலணி விஷயத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் கடுமையாக இருக்க மனம் வருவதில்லை. ஆனாலும் டர்ஃப் என்னும் செயற்கைப் புல் மைதானத்துக்கும் மண் தரைக்கும் ஒரே தேய்ந்த காலணி போட்டால் கணுக்கால் திரும்பும் என்பதால், பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கி ஒரு அலமாரியில் அளவு வாரியாக வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஹாக்கியிலும் 400 மீட்டர் ஓட்டத்திலும் மாவட்டத்தில் தேர்வாகியிருக்கிறாள். இரண்டு போட்டிகளுக்கும் இடையே ஐந்து நாள்தான் இருக்கிறது. நேற்று அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து நேராகப் பள்ளிக்கு வந்தார். நோட்டை விரித்து, கடந்த மூன்று வாரமும் அவள் வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பதைக் காட்டினேன். இரண்டு பயிற்சியாளர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, கீழே அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் அவள் எந்த மைதானத்துக்கும் வர மாட்டாள் என்பது மட்டுமே அதில் எழுதியிருந்தது.